மூங்கிலடிக் கடமான்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. முதல் கேமராவைக் கட்டிய அன்று மழை பெய்ததாக எனக்கு ஞாபகம். மொக்கராசு நல்ல வெயில் என்கிறான், தொப்பி போட்டிருந்தானாம். அவன் மழைக்கும் தொப்பி போடுகிறவன். படங்கள் கையில் இருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாளும் நேரமும் பதிந்திருக்கும். அவை இப்போது எங்களிடம் இல்லை. அதனால் மழை பெய்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

மூங்கிலடி, பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் சிறிய ஊர். காப்பி, மலைவாழை, சௌசௌ. நான் ஓடைக்கு மேலே சர்க்கரைவள்ளி போட்டிருந்தேன். காட்டுப்பன்றிகள் அதை எனக்கு முன்னால் தோண்டிப் பார்த்துவிடும். ஊரின் வேட்டைக் குழுவில் சேர்வதற்கு அதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம், பன்றிக்குக் காத்திருக்க மரத்தின்மேல் கட்டிய பரண். பரணில் ஏறிவிட்டால் யாரும் பேசக் கூடாது. தனியாக வாழ்கிற பெண்ணுக்கு மௌனத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். வீட்டில் இருப்பது பேச ஆளில்லாத மௌனம். பரணில் இருப்பது, பக்கத்தில் ஆளிருந்தும் பேச வேண்டியிராத மௌனம். அதற்காகவே ஒரு புத்தகத்தோடு ஏறுவேன்.

“பூரணக்கா, பன்னி வர்ற நேரத்துல பக்கத்தத் திருப்பாதீங்க,” என்பான் மொக்கராசு. குழுவில் துப்பாக்கி பிடிக்கிறவன் அவன்தான். “போன தடவ நல்ல கட்டத்துல இருந்தீங்க போல. பரபரன்னு திருப்புனீங்க. பன்னி ஓடிருச்சு.”

“அது முடிவு தெரிஞ்ச பெறகுதான் ஓடுச்சு,” என்பேன்.

அந்த வருடம்தான் வனத்துறையினர் பன்றி சுடுவதற்கென்று ஊர்க் குழுக்களுக்குப் பூட்டுத் துப்பாக்கிகள் கொடுத்தார்கள். அவற்றை விளக்கிச் சொல்ல வத்தலக்குண்டிலிருந்து ரிஹானா என்ற இளம்பெண் பைக்கில் வந்தாள். எங்கள் மலையில் துப்பாக்கிகளுக்கும் கேமராக்களுக்கும் அவள்தான் பொறுப்பு. ஆசைத்தம்பி அண்ணனுடைய காப்பிக் களத்தில் கூட்டம் கூடியது. அவர்தான் குழுத் தலைவர், அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டைக்கு மேல்பொத்தான்வரை போடுகிறவர்.

“துப்பாக்கிக்குப் பூட்டு இருக்கு சார். சாவி உங்ககிட்ட இல்ல, கேமராகிட்ட இருக்கு,” என்றாள் ரிஹானா.

“கேமரா மரத்துலல்லம்மா இருக்கும்?”

“ஆமா சார். மரத்துல இருந்து அது பாக்கும். வர்றது பன்னிதானா? கடமானோ கரடியோ இல்லயே? அக்கம்பக்கத்துல ஆள் இல்லயே? எல்லாம் சரியா இருந்தா துப்பாக்கியில பச்ச விளக்கு எரியும். அப்பத்தான் விசை எறங்கும்.”

“அப்ப சுடுறது நானா, அதுவா?” என்று கேட்டான் மொக்கராசு.

“சேந்துதான் சுடுறீங்க.”

“கறி பிரிக்கையில அதுக்கும் பங்கு வைக்கணுமோ?”

“நாய்க்கு வைக்கிறோம்ல,” என்றார் ஆசைத்தம்பி அண்ணன். அவர் கேலி பேசுகிறவரல்ல. பிற்பாடு நிஜமாகவே கேமராவுக்கு ஒரு பங்கு பிரித்தோம். கேமரா கட்டிய மரம் யார் நிலத்தில் இருந்ததோ அவர் அதை எடுத்துக்கொண்டார். அதனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தன் மரத்தில் ஒரு கேமரா இருக்க வேண்டுமென்று ஆசை வந்தது.

எந்தக் கேமரா என்பதைத் தீர்மானிக்கப் பல வாரம் ஆனது. ரிஹானா கொண்டுவந்ததையெல்லாம் ஓடையோரப் புன்னைமரத்தில் மாறி மாறிக் கட்டிப் பார்த்தோம். முதலாவது பளீரென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தது. படம் கல்யாண ஆல்பத்தில் ஒட்டும்படி இருந்தது. பன்றி அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாவதின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது யோசித்து எடுக்கிற ரகம். வந்ததெல்லாம் வால்.

“வாலப் பாத்து நான் என்னத்தச் சுட?” என்றான் மொக்கராசு. “இது யாரு வாலுன்னே தெரியல. ஆசைத்தம்பி அண்ணே மாடாக்கூட இருக்கலாம்.”

மூன்றாவது வேகமானது. காற்றில் ஆடிய இலையை எடுத்தது. இலை நின்றபிறகு நின்ற இலையை எடுத்தது. கண்ணாடிமேல் ஊர்ந்த எறும்பை யானை அளவுக்கு எடுத்து அனுப்பியது. கைபேசி நாளெல்லாம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நான்காவதைத்தான் வாங்கினோம். ரிஹானா அதைக் கையில் எடுத்தபோதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இது படிக்கும். படம் வந்ததும் வேணும், வேணாம்னு நீங்க அழுத்தணும். வேணாம்னு சொன்ன மாதிரிப் படத்தக் கொஞ்சங் கொஞ்சமா அனுப்புறதயே விட்டுரும். விலங்குக்குப் பேர் தப்பாப் போட்டிருந்தா நீங்க திருத்தலாம், கத்துக்கும். ஒண்ணு கத்துக்கிட்டா உங்க ஊர்க் கேமரா அத்தனைக்கும் தெரிஞ்சிரும்.”

“எம்புட்டுத் தூரம் படிக்கும்?” என்று கேட்டார் ஆசைத்தம்பி அண்ணன்.

“நீங்க சொல்லிக் குடுக்குற வரைக்கும்.”

“எங்க ஊர்லயா? பெயிலாயிரும் பாப்பா,” என்றான் மொக்கராசு.

கேமராவைக் கட்டுவதும் பார்க்கும் அளவுக்கு எளிதல்ல. நெஞ்சு உயரத்தில் கட்டினோம், பன்றியின் முதுகுமுடி மட்டும் விழுந்தது. முழங்கால் உயரத்துக்கு இறக்கினோம். கிழக்கே பார்த்துக் கட்டினால் காலை வெயிலில் படம் வெளுத்தது, வடக்கே திருப்பினோம். எதிரிலிருந்த புல்லை அரிந்தோம். வார்ப்பட்டையை முள்ளம்பன்றி கடித்தது, கம்பியால் கட்டினோம். புதுப் பிளாஸ்டிக் பளபளப்பு குரங்குகளை இழுத்தது, சாணி பூசினோம். அகலமான இடங்களை விட்டு, வழி குறுகுகிற இடங்களில் மாட்டினோம். பன்றிக்கு வசதியான வழிதான் மனிதர்களுக்கும் வசதியான வழி என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதல் வாரப் படங்களைக் காப்பிக் களத்தில் உட்கார்ந்து எல்லோருமாகப் பார்த்தோம். இலை, இலை, மாடு, பன்றியின் மூக்கு. பிறகு ஓடையோரம் சேலையைத் தூக்கிச் செருகியபடி ஒரு பெண். அடுத்து, மூங்கில் மறைவில் இரண்டு பேர். யாரென்று தெரிவதற்குள் ஆசைத்தம்பி அண்ணன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது.

“மனுசப் படம் நமக்கு வேணாம்,” என்றார். “பன்னி பாக்க வந்தோம். ஊர்க்காரவுக ஒதுங்குறதப் பாக்க வரல. யாரு கைக்கு ஆள் படம் வந்தாலும் உத்துப் பாக்கக் கூடாது. வேணாம்னு அமுக்கிட்டுப் போயிரணும்.”

யாரும் மறுக்கவில்லை. மொக்கராசுகூடக் கேலி செய்யவில்லை. அதன்பிறகு ஆள் உருவம் தெரிந்தாலே ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு ‘வேண்டாம்’ அழுத்தினோம். கேமராக்கள் நன்றாகப் படித்தன. மழைக்காலம் முடிவதற்குள் பன்றியும் மாடும் மட்டுமே வந்தன. இலைகூட இல்லை. இவ்வளவு மரியாதையான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

சுகுணா எங்கள் ஊருக்கு வந்தது அந்த மழைக்காலத்தின் கடைசியில். பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள கூத்தம்பாறையிலிருந்து கணவனை விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆசைத்தம்பி அண்ணன் தன் பழைய காப்பிக் கிட்டங்கியில் தங்க இடம் கொடுத்தார். சௌசௌ தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே ஓடைப்பாதை. காலையில் தூக்குச்சட்டியோடு போவாள், பொழுது சாயத் திரும்புவாள். விவாகரத்து வழக்கு திண்டுக்கல்லில் நடந்தது. தீர்ப்பு வரும்வரை, தான் எங்கே இருக்கிறாள் என்பது கணவன் தினகரனுக்குத் தெரியக் கூடாது. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தினகரனைப் பற்றி மொக்கராசு ஒரு செய்தி கொண்டுவந்தான். கூத்தம்பாறையில் அவனுக்கு மச்சான் உண்டு.

“அந்தாளு அங்க வேட்டக் குழுவுல சேந்திருக்காராம். துப்பாக்கியத் தொடுறதே இல்லயாம். சாப்புடுறப்பக்கூட கேமராப் படத்தயே பாத்துக்கிட்டு இருக்காராம். எல்லா ஊர்ப் படமும் எல்லாருக்கும் போகுதுல்ல. இந்த மலையில எங்க நடந்தாலும் ஒரு நாளைக்குக் கேமராவுல மாட்டுவான்னு சொன்னாராம்.”

“நம்ம கேமராவுல மாட்ட மாட்டா,” என்றேன். நாங்கள் மரியாதைக்காகச் செய்தது அவளுக்குக் கதவாகிவிட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் ஓடைப் பரணில் நானும் மொக்கராசும் இருந்தோம். கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. பன்றி, ஓடை வளைவில். எதிரே புதர் அசைந்தது. துப்பாக்கியில் பச்சை விளக்கு எரிந்தது. மொக்கராசு மூச்சை இழுத்து நிறுத்தினான். அப்போது புதருக்குப் பின்னால் தூக்குச்சட்டி மூடியின் சத்தம் கேட்டது. மெல்லிய, வீட்டுச் சத்தம். நான் அவன் தோளில் கை வைத்தேன். குழல் மேலே போனது. பன்றி ஓடியது. பன்றி நின்ற இடத்துக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில் சுகுணா நின்றிருந்தாள்.

“என்னண்ணே, கறி பத்தலயா?” என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தூக்குச்சட்டி மூடியை மட்டும் இரண்டு முறை அழுத்தி மூடினாள்.

மொக்கராசு இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்றி கேமராவின் பார்வையைத் தாண்டவில்லை போலும், பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஆசைத்தம்பி அண்ணன் ரிஹானாவுக்குப் போன் போட்டு, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி வைத்தார். நடந்ததைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஏம்மா, ஆள் படத்துக்கெல்லாம் வேணாம்னு அமுக்குனா என்னாகும்?”

ரிஹானா சிரித்தாள். “அப்பிடி யாரும் அமுக்க மாட்டாங்க சார். எல்லா ஊர்லயும் ஆள் படத்தத்தான் முதல்ல தொறக்குறாங்க. இதச் செஞ்சவங்க அதுக்குப் பூட்டுப் போடணும்னே நெனைக்கல.”

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்.”

“ஒரு பேச்சுக்குன்னா, கேமராவுக்கு ஆள்னு ஒண்ணு இருக்குறதே மறந்துரும். ஆள் நின்னாலும் பச்ச எரியும். ஆபத்து சார். அப்பிடி ஏதாவது ஆச்சுன்னா சொல்லுங்க, நான் பழையபடி மாத்திருவேன். ஒரு தடவ மறந்த கேமராங்கிறதால, அதுக்கப்புறம் ஆள் தெரிஞ்சா உடனே படத்தோட எச்சரிக்க போகும். உங்களுக்கு மட்டுமில்ல, சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும். சத்தத்தோட.”

“சத்தத்தோடயா?”

“ஆமா. யாரும் பாக்காம விட்டுறக் கூடாதுல்ல.”

போனை வைத்தபிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. எனக்குப் பிடிக்காத மௌனங்களும் உண்டு என்று அன்று தெரிந்தது.

“தெரிஞ்சா புருசன் வருவான். தெரியலன்னா குண்டு வரும்,” என்றான் மொக்கராசு.

“அவள மேட்டு வழியாப் போகச் சொல்லலாம்,” என்றேன்.

“அவ ஒருத்தி போவா. மத்தவுக? கேமராவுக்கு இந்த ஊர்ல இப்ப யாருமே இல்லக்கா. நாம எல்லாரும் செத்த மாதிரி.”

துப்பாக்கியைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று ஆசைத்தம்பி அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, சரிவில் பன்றி உழுதுபோட்டிருந்த தன் வாழைத் தோப்பையே பார்த்தார். அவருக்கு அது வயிறு. எங்கள் எல்லோருக்கும்தான்.

யோசனை மொக்கராசுவிடமிருந்து வந்தது. நான் புத்தகத்திலிருந்து பிடித்த யோசனை என்று அவன் சொல்லித் திரிகிறான். அப்படியொரு புத்தகம் என்னிடம் இல்லை.

“கேமரா ஆள ஆளாப் பாத்தா எல்லாருக்கும் சொல்லிரும். பாக்காமவிட்டா சுட விட்டுரும். கடமானாப் பாத்தா?”

கடமானைச் சுடத் தடை. கடமான் தெரிந்தால் துப்பாக்கியில் சிவப்பு எரியும், விசை இறங்காது.

“படம் எல்லா ஊருக்கும் போகுமே,” என்றார் ஆசைத்தம்பி அண்ணன்.

“போகும். ‘கடமான்’னு பேர் போட்டுப் போகும். சத்தம் இருக்காது. நான் சுட ஆரம்பிச்சு எனக்கு எத்தன கடமான் படம் வந்திருக்குன்னு நெனைக்கிறீங்க? ஒண்ணத் தொறந்ததில்ல. சுட முடியாதத எவன் தொறந்து பாப்பான்?”

சுகுணாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னோம். அவள் முழுதும் கேட்டாள்.

“மான்னா, புள்ளி மானா?”

“இல்லம்மா, கடமான். பெருசு,” என்றான் மொக்கராசு.

“குண்டா இருக்கேன்னு சொல்றீங்க.”

பிறகு சிறிது நேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “அவரு ஒண்ணத் தொறந்து பாத்துட்டா?”

மொக்கராசு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“செய்ங்க,” என்றாள். “குண்டு வந்தா ஓட நேரமிருக்காது. அவரு வந்தா ஓடவாவது செய்யலாம்.”

கேமராக்கள் ஒதுக்கித் தள்ளிய படங்கள் ஒரு கிடங்குபோல எங்கோ சேர்ந்திருந்தன. அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் ஆளுக்குக் ‘கடமான்’ என்று பெயர் திருத்த வேண்டும். இத்தனை காலம் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த படங்களை இப்போது ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஆசைத்தம்பி அண்ணன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“பேசாத ஆள் நீதான் தங்கச்சி.”

இரண்டு பகல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஒருவர் பாறையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒருத்தி விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள், கண் மூடியிருந்தது. ஊரிலேயே வாய் ஓயாத ஒருவன், எதிரே யாருமில்லாத மரத்திடம் கைகூப்பி எதையோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். அன்று இரவு அவன் வீட்டில் சண்டை ஓய்ந்தது எனக்குத் தெரியும். ஒரு படத்தில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி நடக்கும் ஒரு பெண். அவள் முகத்தில் புன்னகை இருந்தது. அது நான் என்று உணரச் சற்று நேரம் ஆனது. ஒவ்வொன்றின்மேலும் ‘கடமான்’ என்று அழுத்தினேன். பார்த்த எதையும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் பெயரைச் சொல்லப்போவதில்லை.

பிறகு சோதித்தோம். குண்டில்லாத துப்பாக்கியைக் களத்தில் நிறுத்தி, கேமராவுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்தோம். எல்லோருக்கும் சிவப்பு எரிந்தது. மொக்கராசுவின் மனைவி இரண்டு முறை நடந்தாள்.

“இவருகிட்ட இருந்து தப்பிக்க எனக்கு இது வேணும்,” என்றாள்.

“நீ எதுக்குடி ரெண்டு தடவ? ஒரு கடமான் போதாதா எனக்கு?”

அதன்பின் வந்த மாதங்கள் நன்றாகவே போயின. பன்றி தனியாக வந்தால் பச்சை, பக்கத்தில் ஆளிருந்தால் சிவப்பு. சுகுணா காலையும் மாலையும் கடமானாகப் போய்வந்தாள். கைபேசியில் ‘கடமான், ஓடை வளைவு’ என்று வந்ததும் மொக்கராசு, “நம்ம கடமான் வேலைக்குப் போயிருச்சு,” என்பான். ஒருமுறை மட்டும் கூத்தம்பாறைக் குழுத் தலைவர் கூப்பிட்டு, “உங்க பக்கம் என்னப்பா இம்புட்டுக் கடமான்?” என்று கேட்டார். “தண்ணி நல்லாருக்கு,” என்றார் ஆசைத்தம்பி அண்ணன். அன்று அவர் சாப்பிடவில்லை.

இந்த மலையிலேயே கடமான் அதிகம் நடமாடும் இடம் மூங்கிலடி என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் கணக்கு விழுந்தது எங்களுக்குத் தெரியாது. ரிஹானாவை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். களத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒரு படத்தைத் திறந்தாள். பேச்சு நின்றது. தூக்குச்சட்டியோடு சுகுணா. அடுத்ததைத் திறந்தாள், ஆசைத்தம்பி அண்ணன். அடுத்தது மொக்கராசுவின் மனைவி.

“அக்கா,” என்றாள் என்னைப் பார்த்து. “இது ரெண்டு கால்ல நடக்குதே.”

ஆசைத்தம்பி அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தீர்ப்புக்கு இன்னும் எத்தனை வாய்தா என்பதைச் சுகுணாவே சொன்னாள்.

“நான் பழையபடி மாத்தியாகணும். தெரிஞ்சே விட்டேன்னா என் வேல போயிரும்,” என்றாள் ரிஹானா. யாரும் கெஞ்சவில்லை. அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். காப்பிக்கொட்டை காய்கிற வாசம் வந்தது. அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கத் தெரிந்த இன்னொருத்தியை நான் அதுவரை சந்தித்ததில்லை. கடைசியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்பதை அழுத்தினாள்.

“மேல இருந்து ஒருத்தர் வருவாரு. கடமானக் காட்டச் சொல்லுவாரு.”

“கண்ணால பாப்பாரா, கேமராவுல பாப்பாரா?” என்று கேட்டான் மொக்கராசு.

“கேமராவுலதான்.”

“அப்பக் காட்டிரலாம்.”

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், விலங்குகள்மேல் நிஜமான பிரியம் உள்ளவர். ஓடைப்பாதையில் அவர் காலெடுத்து வைத்ததும் கையிலிருந்த பலகைக் கணினி அதிர்ந்தது. ‘கடமான், ஆண், மிக அருகில்.’ அவர் சட்டென்று குனிந்து எங்களையும் குனியச் சொன்னார். “பக்கத்துலதான் இருக்கு. யாரும் அசையாதீங்க,” என்று கிசுகிசுத்தார். நாங்கள் அசையவில்லை. மொக்கராசு தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்துவிட்டு, அது போய்விட்டது என்று அவர் வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

அதற்கடுத்த மாதம் ஓடையின் இருபுறமும் கடமான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. வேட்டைக்குத் தடை வந்தது. துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் சர்க்கரைவள்ளியைப் பன்றிகள் மிச்சமின்றித் தின்றன. ஆசைத்தம்பி அண்ணனின் வாழைத் தோப்பில் பாதிக்குமேல் போனது. வெளியாட்கள் அந்தப் பாதையில் நுழைய வாசல் வைத்து, காவலுக்கு ஆள் போட்டார்கள். ஊர் ஊராகத் தேடித் திரிந்த தினகரன் ஒருநாள் அந்த வாசல்வரை வந்து, அனுமதி இல்லாமல் திரும்பிப் போனதாகக் காவலர் சொன்னார். மனிதர்களுக்காக அப்படி ஒரு வாசலை யாரும் வைத்துத் தந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. கடமான் படங்களை அதிகம் தந்த ஊர் என்பதால், எங்கள் கேமராக்கள் படித்த பாடத்தையே நல்ல பாடமென்று எடுத்து மற்ற மலைகளின் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றிவிட்டார்கள். எல்லா ஊர்களிலும் மனிதர்கள் கடமான்களானார்கள். அந்த வருடம் பன்றி வேட்டையில் குண்டு பட்டு எங்கேயும் ஓர் ஆள் சாகவில்லை. முந்தைய வருடங்களில் அப்படி இருந்ததில்லை. அதே வருடம் மேல்மலையில் தேனெடுக்கப் போன ஒருவர் பாறையிலிருந்து விழுந்து கிடந்தார். அவரைத் தேடியவர்கள் கேமராக்களைக் கேட்டார்கள். ஆள் யாருமில்லை, ஒரு கடமான் படுத்திருக்கிறது என்று கேமராக்கள் சொல்லிக்கொண்டிருந்தன. படத்தை யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது.

ரிஹானா மறுநாளே மலையேறி வந்தாள். யாரிடமும் பேசாமல் நேரே சுகுணாவிடம் போனாள். “தீர்ப்பு வந்துருச்சா?” என்று கேட்டாள். அந்த வாரம்தான் வந்திருந்தது.

“சொல்லிரு,” என்றாள் சுகுணா. “அந்தத் தேன்காரருக்கு நான் கடன்பட்டிருக்கேன்.”

ரிஹானா நடந்ததையெல்லாம் மேலே எழுதிக் கொடுத்தாள். கேமராக்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், படங்களும் அவற்றோடு போயின.

தேனெடுத்தவர் ஒரு காலை இழந்தார். இப்போது பெரியகுளத்தில் மகளோடு இருக்கிறார், மலையேறுவதில்லை. ரிஹானாவின் வேலை போனது. வத்தலக்குண்டில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அதிகாரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஆசைத்தம்பி அண்ணன் வாழையை விட்டுவிட்டு மிளகு போட்டார், பன்றி மிளகைத் தொடுவதில்லை. போன தை மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். மொக்கராசு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். கேமரா விசாரணையில் கூத்தம்பாறைத் தினகரனையும் கூப்பிட்டு, அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தார்கள். சுகுணாவின் படங்கள் அந்த வருடம் முழுவதும், காலை ஒன்று மாலை ஒன்றாக, அதில் வந்து திறக்கப்படாமல் கிடந்தன. அவர் இன்னும் கூத்தம்பாறையில்தான் இருக்கிறார். சுகுணா உடுமலையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மூங்கிலடியில் இருக்கிறேன், ஓடைப்பாதையில் நடந்துபோகிறேன், ஏறி உட்காரப் பரண் இல்லை.